வைகாசி முதல் தேதி வெயிலும் என் மச்சானும்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1ஆம் தேதி, கத்திரி வெயிலுக்கு நடுவில் வரும். மூன்று வருஷத்துக்கு முன்பு பெங்களூரிலிருந்து என் மச்சான் முந்தின நாள் ராத்திரிதான் வந்திருந்தார். மறுநாள் 11 மணி இருக்கும், கூட்டத்தில் நின்றவர் "ரயில் போயிடுச்சா?" என்றார். மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, "இன்னாபா, ஒரு மாதிரி பேசறாரு, உடம்பத் தொட்டுப் பாரு" என்றார். அனலாய்க் கொதித்தது. அப்படியே சரிந்துவிட்டார். நிழலுக்குத் தூக்கிப்போய்க் குடம் குடமாய் உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட்டோம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனவர்களை அந்த அக்காதான் தடுத்தார், மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று. பிழைத்துக்கொண்டார்.

விடிந்ததிலிருந்து அதே வெயிலில் நின்ற அக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதைத் தேடித்தான் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று படித்தேன்.

சூடு ஏறினால் செல்லில் இருக்கும் புரதங்கள் மடிப்புக் கலைந்து ஒட்டிக்கொள்ளும், முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி. அவற்றைத் தாங்கிப் பிடிப்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சாதாரண நாளில் இவை ஹெச்எஸ்எஃப்1 என்ற இன்னொரு புரதத்தைக் கட்டிப்போட்டிருக்கும். பழுது பெருகி இவை அங்கே ஓடியதும் ஹெச்எஸ்எஃப்1 அவிழ்ந்து, மும்மூன்றாய்ச் சேர்ந்து டிஎன்ஏவில் உட்கார்ந்து, இன்னும் நிறைய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்ய வைக்கும். கைக்கு ஆள் குறைவதே ஆள் கூப்பிடும் மணி! இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இதன் முதல் அடையாளத்தைக் கண்டு 1962இல் எழுதினார்.

தினமும் வெயில் பட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் இந்தப் புரதங்களின் கையிருப்பு கூடும். வியர்வையும் சீக்கிரம் வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். சில வாரம் விலகியிருந்தால் எல்லாம் போய்விடும். மச்சான் பிறந்து வளர்ந்தது காட்பாடிதான், ஆனால் அன்றைக்கு அவர் உடம்பு வெயிலுக்குப் புதுசு.

*

மேலே இருப்பதைப் படித்துவிட்டு எழுதும் வாசகர் நான், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து. அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். டைபாய்டில் ஒரு மாதம் படுத்துவிட்டுச் சித்திரையில் வேலைக்குப் போனார். பழைய ஆள்தானே என்று மேஸ்திரி முழு நாளும் கல் சுமக்க விட்டார். மத்தியானம் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, நிற்கவே முடியவில்லை. அடுத்த முறை அப்பா காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, அம்மா முதல் நாள் 9 மணிக்கே சூளைக்குப் போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டார். மறுநாள் 10 மணி. அதற்கடுத்த நாள் 11.