செம்மண்டலம் வீடு: வாட்ஸ்அப் குழு

ஞாயிறு, நவம்பர்

தேவனாம்பட்டினம் மாமா: கடல் சரியில்லை. படகு எதுவும் இறங்கவில்லை. சில்வர் பீச்சுக்கு நடக்க வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள்.

பண்ருட்டி சித்தி: இங்கே விடிய விடிய மழை. முந்திரித் தோப்பில் கணுக்கால் தண்ணீர். கெடிலத்தில் எவ்வளவு போகிறது?

யாழினி: பாலத்தில் நின்று பார்க்கிற கூட்டம்தான் தண்ணீரைவிட அதிகம். ஆயா என்னைப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வளர்மதி: கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்கள். இங்கே கடைசியாக மழையைப் பார்த்தது ஆகஸ்ட்டில்.

விருத்தாசலம் பெரியப்பா: ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் சேர்த்தே 20 செ.மீ. தேறினால் பெரிது அம்மா. நம் பக்கம் ஒரு புயல் வந்தால் அதை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

வளர்மதி: அதனால்தான் இங்கே ஒரு சொட்டுகூட வீணாகாது பெரியப்பா. வீட்டு முற்றத்தைச் சரிவாக மெழுகி, பெய்கிற மழையெல்லாம் நடுவில் இருக்கும் தரைத்தொட்டிக்குள் போகும்படி வைத்திருக்கிறார்கள். டாங்கா என்பார்கள். மழைக்காலம் வரும் முன் முற்றத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு யாரையும் செருப்போடு ஏற விடமாட்டார்கள்.

யாழினி: ஆயா கேட்கிறார், குளிக்கிறீர்களா இல்லையா?

வளர்மதி: குளிக்கிறோம் ஆயா 😄 எங்களுக்கு டேங்கர் வரும். குளித்த தண்ணீர் செடிக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முகிலன்: அக்கா, உங்கள் பையன் கவின் ஒட்டகம் தேடப் போனானாமே? தனியாக எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். மூச்சு விடாமல் பேசுகிறான், பாதி புரியவில்லை.

பண்ருட்டி சித்தி: என்ன? ஒட்டகமா? அவனுக்கு வயது என்ன வளர்மதி?

வளர்மதி: பயப்படாதீர்கள் சித்தி, தனியாகப் போகவில்லை. முழுவதும் சொல்கிறேன், இருங்கள். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் வருகிறது.

வளர்மதி: பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பெண் ஒட்டகம் மேயப் போனது, வீடு திரும்பவில்லை. இங்கே ஒட்டகத்தை அவிழ்த்து விட்டால் அது பாட்டுக்கு நாள் கணக்கில் மேய்ந்துவிட்டு வரும். ஆனால் அது சினையாக இருந்ததால் தாத்தா தேடக் கிளம்பினார். கவின் அடம் பிடித்து ஒட்டிக்கொண்டான். கவின் அப்பாவும் போனார், அன்றைக்கு அவருக்கு வேலையில்லை.

வளர்மதி: விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வெயில் சாய்வாக விழும்போதுதான் மணலில் காலடி நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். காற்று கிளம்பிவிட்டால் தடமே இருக்காது. தாத்தா நடந்துகொண்டே கவினுக்குச் சொல்லிக் கொடுத்தாராம்: ஒட்டகத்துக்கு முன்னங்கால் பெரிது, பின்னங்கால் சிறிது. தன் ஒட்டகத்தின் காலடியை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்லிவிடுகிறார் மனிதர். இப்படித் தடம் பார்ப்பவர்களை இங்கே பாகி என்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படைகூட இவர்களை வைத்துத்தான் தடம் பார்க்கும்.

தேவனாம்பட்டினம் மாமா: கடலில் நாங்கள் தண்ணீர் நிறத்தைப் பார்த்து மீன் கூட்டம் சொல்வதில்லையா. எல்லாம் கண் பழக்கம்.

பண்ருட்டி சித்தி: ஒட்டகம் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லு முதலில்.

வளர்மதி: கிடைத்தது சித்தி. ஊருக்கு மேற்கே ஓரண் இருக்கிறது. சாமிக்கு விட்ட காடு. அங்கே மரத்தை வெட்டக் கூடாது, மாடு, ஆடு, ஒட்டகம் மேயலாம். அதற்குள் நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்ததாம். கவினைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. அந்தச் சத்தத்தைத்தான் அவன் நேற்றிலிருந்து செய்து காட்டுகிறான், காது வலிக்கிறது.

முகிலன்: இங்கே புத்துப்பட்டில் ஐயனார் கோயில் காடு இருக்கிறதே, அதே மாதிரி. சுற்றிலும் எல்லாம் மாறிவிட்டது, அந்தக் காடு மட்டும் நிற்கிறது.

வளர்மதி: [படம்] இந்த மரத்தடியில்தான்.

விருத்தாசலம் பெரியப்பா: இது வன்னி அல்லவா! இலையைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் விருத்தகிரீசுவரர் கோயில் தலமரம். கோயில் கட்டிய வேலையாட்களுக்கு விபசித்து முனிவர் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தாராம், அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவு பொன்னாக மாறியதாம்.

யாழினி: வேலை செய்யாதவனுக்கு?

விருத்தாசலம் பெரியப்பா: இலையாகவே இருந்திருக்கும்.

வளர்மதி: இங்கே கேஜ்ரி என்கிறார்கள் பெரியப்பா. ராஜஸ்தானின் மாநில மரம். இலை ஆட்டுக்கு, காய் சமையலுக்கு, காய்ந்த கிளை அடுப்புக்கு. ஜோத்பூர் பக்கம் 1730-ல் அரண்மனை வேலைக்காக இந்த மரத்தை வெட்ட ஆள் வந்தபோது பிஷ்னோய் ஊர்க்காரர்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று 363 பேர் உயிர் விட்டிருக்கிறார்கள். அமிர்தா தேவி என்ற அம்மாதான் முதலில் நின்றவர். பள்ளியில் கவினுக்கு இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நான் துடைப்பத்துக்கு ஒரு குச்சி ஒடித்தால்கூட முறைக்கிறான்.

பண்ருட்டி சித்தி: காயைச் சமைப்பதா? எப்படி?

வளர்மதி: காயைப் பறித்து வெயிலில் காய வைத்துவிடுவார்கள். சாங்ரி. கேர் என்று ஒரு புதர்க்காயும் உண்டு. இரண்டையும் ஊற வைத்து, எண்ணெய், மிளகாய், மாங்காய்த்தூள் போட்டுச் சுண்ட வதக்கினால் நம் வற்றல் கறி கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்குக் கம்பு ரொட்டி. காய்கறியே கிடைக்காத மாதங்களுக்கு இதுதான் சேமிப்பு.

யாழினி: "கம்பு" என்று கேட்டதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கூழ் காய்ச்சுவார்களா என்று கேட்கிறார்.

வளர்மதி: மோரில் கம்பு மாவைக் கரைத்துக் காய்ச்சும் ராப் உண்டு ஆயா. உங்கள் கூழுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் தொட்டுக்கொள்ளக் கருவாடு கிடையாது.

தேவனாம்பட்டினம் மாமா: அதை நான் எடுத்து வருகிறேன்.

வளர்மதி: மாமா வேண்டாம், ரயில் பெட்டியே எழுந்து ஓடிவிடும்.

யாழினி: ஆயா: ஒட்டகப் பாலில் தயிர் உறையுமா?

வளர்மதி: லேசில் உறையாது ஆயா. நானும் உறை ஊற்றிப் பார்த்தேன், தண்ணீராகவே நின்றது. தயிருக்கு மாட்டுப் பால்தான். இங்கே தார்பார்க்கர் மாடு, வெள்ளையாக, இந்த வெயிலுக்கு அசையாது. ஒட்டகப் பால் டீக்கு நன்றாகவே இருக்கும்.

பண்ருட்டி சித்தி: எல்லாம் சரி, பாம்பு? உண்மையைச் சொல்லு.

வளர்மதி: இருக்கிறது. சுருட்டை விரியன். உங்கள் முந்திரித் தோப்புச் சருகில் இருக்கிற அதே ஆசாமிதான். மணலில் பக்கவாட்டில் போகும், காலையில் அதன் கோடுகள் கிடக்கும். இரவில்தான் நடமாட்டம். அதனால் இருட்டினால் டார்ச் இல்லாமல் யாரும் கால் வைக்க மாட்டார்கள், தரையில் படுக்க மாட்டார்கள், செருப்பைத் தட்டாமல் போட மாட்டார்கள். கவினுக்கு இந்த மூன்றிலும் செல்லம் கிடையாது.

பண்ருட்டி சித்தி: அப்போ கட்டில் நிச்சயம் உண்டு என்று எழுதிக் கொடு, வருகிறேன்.

முகிலன்: பயணப் பேச்சுக்கு வருவோம். பொங்கல் முடிந்து ஜனவரி மூன்றாம் வாரம் என்று வைத்துக்கொள்ளலாமா? சம் மணல்மேட்டில் ஜீப் சவாரிக்கு இப்போதே பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு விளம்பரம் வந்தது.

வளர்மதி: கட்டாதே. மணலில் ஜீப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு அரைமணி நேரம் கத்துவதை நான் ஊர் பார்ப்பது என்று சொல்ல மாட்டேன். இடுப்பு வலிதான் மிச்சம், ஆயாவைப் போய் அதில் ஏற்றுவாயா? பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு ஒரு காலை நட. தாருக்கு வந்தவர்கள் மணலைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் இங்கே பெரும்பகுதி மணல்மேடே கிடையாது, கல்லும் முள்ளும் புல்லுமான தரைதான். அதில்தான் வாழ்க்கை நடக்கிறது.

வளர்மதி: ஜனவரியில் வந்தால் கடீனில் பயிர் பச்சையாக இருக்கும். சரிவின் அடியில் நீளமாக ஒரு மண்கரை. மழைத் தண்ணீர் அதில் வந்து தேங்கி ஊறும். வற்றியதும் அந்த ஈரத்திலேயே கொண்டைக்கடலையும் கோதுமையும் விதைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மழையே வேண்டாம். பாலிவால் பிராமணர்கள் பல நூறு ஆண்டுக்கு முன் கண்ட முறையாம்.

விருத்தாசலம் பெரியப்பா: ஏரி உள்வாயில் தண்ணீர் இறங்க இறங்கப் பயிர் வைக்கிறார்களே, அதுபோல. அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். நான் வருகிறேன்.

முகிலன்: பெரியப்பா, ஆகல் என்ற இடத்தில் கல்லான மரங்கள் இருக்கின்றன, ஜெய்சல்மேரிலிருந்து பக்கம். 18 கோடி ஆண்டு பழசு. நம் திருவக்கரையில் பார்த்தோமே, அது 2 கோடி ஆண்டுதான்.

விருத்தாசலம் பெரியப்பா: "தான்" என்கிறானே பாருங்கள்.

யாழினி: அக்கா, கானமயில் பார்க்க முடியுமா? எங்கள் கல்லூரியில் அதைப் பற்றி ஒரு உரை நடந்தது. சுமார் 150தான் மிஞ்சியிருக்கிறதாம். மின்கம்பியில் மோதிச் சாகிறதாம். உங்கள் வீட்டு மாமா காற்றாலையில்தானே வேலை பார்க்கிறார்?

வளர்மதி: ஆமாம், காற்றாலையில்தான். வீட்டில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. கனமான பறவை, நேர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்காது, கம்பியைக் கவனித்துத் திரும்புவதற்குள் மோதிவிடும். கம்பியைத் தரைக்கடியில் போடச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2024-ல் அதைத் தளர்த்தி, ஒரு குழுவை முடிவு செய்யச் சொன்னது. கம்பியில் பறவைக்குத் தெரிகிற மாதிரி தட்டுகள் தொங்க விடுகிறார்கள். போதாது என்பது என் கருத்து. அவருக்கு வேறு கருத்து. சம் ஊரில் முட்டையைப் பொரிக்க வைத்து வளர்க்கும் மையம் இருக்கிறது, ஆனால் உள்ளே விடமாட்டார்கள். வெளியே பார்ப்பது அதிர்ஷ்டம். நான் ஒருமுறை தூரத்தில் பார்த்தேன், புல்லுக்கு மேல் வெள்ளைக் கழுத்து மட்டும்.

தேவனாம்பட்டினம் மாமா: ஜெய்சல்மேரில் மீசைப் போட்டி உண்டாமே? யூடியூபில் பார்த்தேன்.

வளர்மதி: பாலைவன விழாவில் மாமா. அது பெரும்பாலும் பிப்ரவரி, பௌர்ணமியை ஒட்டி.

தேவனாம்பட்டினம் மாமா: பயணத்தைத் தள்ளி வைக்கலாமே.

பண்ருட்டி சித்தி: அந்த மீசைக்கா? முதலில் அங்கே இருப்பவர்கள் மீசையைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

யாழினி: 😂😂😂

வளர்மதி: ஜனவரியே இருக்கட்டும். குளிர் மட்டும் நினைவிருக்கட்டும். பகலில் சட்டை போதும், இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கும். மணல் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். ஆயாவுக்கு ஸ்வெட்டர், காலுறை, குல்லா மூன்றும் வேண்டும். கடலூர்ச் சால்வை தாங்காது.

யாழினி: ஆயா: குல்லாவெல்லாம் முடியாது, முக்காடு போட்டுக்கொள்கிறேன்.

வளர்மதி: இங்கே எல்லாப் பாட்டிகளும் முக்காடுதான் ஆயா, சரியாக இருக்கும். எனக்குப் புளி, முந்திரி, ஒரு படி இட்லி அரிசி. வேறு எதுவும் வேண்டாம். சித்தி, பலாப்பழம் வேண்டவே வேண்டாம்.

பண்ருட்டி சித்தி: ஜனவரியில் பலாவா? பண்ருட்டியில் பிறந்தவளிடமா கேட்கிறாய்? சிப்ஸ் கொண்டு வருகிறேன்.

முகிலன்: 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். இந்த வாரமே போட வேண்டும். வருகிறவர்கள் பெயரும் வயதும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஜோத்பூர் வரை ரயில், அங்கிருந்து அக்கா வண்டி அனுப்புவார்.

விருத்தாசலம் பெரியப்பா: அனுப்பிவிட்டேன். எனக்கும் உன் பெரியம்மாவுக்கும்.

யாழினி: ஆயா: எனக்குக் கீழ்ப் படுக்கை. ஜன்னல் பக்கம்.

தேவனாம்பட்டினம் மாமா: எனக்கும் கீழே.

முகிலன்: மாமா, உங்களுக்கு மேலே.