புதுப்பிப்பு: முடிவு வந்த பிறகு குடும்பக் குழுவில் அரசியல் பேசுவது

வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் குடும்பக் குழுக்களில் வரும் சண்டையைத் தவிர்ப்பது பற்றி முன்பு எழுதியதற்கு, "அப்போ வாயே திறக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பேசுங்கள். யாருக்குப் போட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வாக்கு ரகசியம் வீட்டுக்குள்ளும் ரகசியம்தான்.

அதிகம் மனக்கசப்பு வருவது "நம்ம பூத்துல கணக்கு இடிக்குது" என்ற வரியில். சொன்னவரைக் கிண்டல் செய்ய வேண்டாம், சரிபார்க்க வழி இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் வேட்பாளர்களின் முகவர்களுக்குத் தரப்படும் 17சி படிவத்தில் பதிவான மொத்த வாக்கு இருக்கும். அதை, வாக்குச்சாவடி வாரியாக முடிவைக் காட்டும் 20ஆம் படிவத்தில் அதே வாக்குச்சாவடிக்கான வரிசையோடு ஒப்பிடுங்கள். பலர் வேட்பாளர்களின் வாக்குகளை மட்டும் கூட்டிவிட்டு நோட்டாவை விட்டுவிடுகிறார்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். தபால் வாக்குகள் தனி வரிசை, பூத் கணக்கில் தேடாதீர்கள். வாக்குப்பதிவுக்கு முன் இயந்திரத்தைச் சோதிக்க நடத்தும் மாதிரி வாக்குப்பதிவில் போட்டதை அழிக்காமல் விட்டாலும் எண்ணிக்கை கூடும். அந்த இயந்திரத்தைத் தனியே எடுத்து வைப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு பொருந்தவில்லையா? முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். இது பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தோற்ற கட்சிக்காரரை "ஒப்பாரி" என்பதற்குப் பதில், "17சி நகல் இருக்கா அண்ணா, சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள்.