தண்ணீர் நின்ற கொல்லையில் கத்தரி, மிளகாய் நடவு: உங்கள் அனுபவம் என்ன?

கடலூர்க்காரர்:
பரவனாற்றை ஒட்டின கொல்லை எங்களுடையது. களிமண். ஐப்பசியில்தான் நடவு, அடைமழையும் அதே ஐப்பசியில்தான். நாற்றங்காலில் நாற்று தயாராக நிற்கும், கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். ஆற்றில் வெள்ளம் ஓடுகிற வரைக்கும் வடிகாலை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பலனில்லை, தண்ணீர் எதிர்த்து ஏறும். ஆறு இறங்கின பிறகு பள்ளமான மூலையில் வரப்பை உடைத்துவிட்டாலே போதும், மேலே நிற்பது வடிந்துவிடும்.

தண்ணீர் வடிந்ததும் ஊரே மண்வெட்டியோடு இறங்கும். நான் இறங்க மாட்டேன். சேறாக இருக்கும்போது மிதித்த களிமண் காய்ந்ததும் ஓடாகிவிடும், அந்தப் பட்டம் முழுக்க வேர் உள்ளே போகாது. ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்ப்பேன். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் புட்டு மாவு மாதிரி உதிர வேண்டும். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அதுவரை நாற்றை என்ன செய்வது என்பதுதான் பெரிய தலைவலி. தக்காளி 25 நாளில் நடவுக்கு வந்துவிடும், பத்து நாள் தள்ளினால் நெடுநெடுவென்று போய்விடும். மிளகாய் 40 நாள் நாற்று, கொஞ்சம் பொறுக்கும். அதனால் இப்போதெல்லாம் குழித்தட்டில்தான் விதைக்கிறேன். மழை வந்தால் தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம். தண்ணீரைக் குறைத்து, வெயில் எட்டிப் பார்க்கும்போது வெளியே வைத்தால் தண்டு திடமாகும். ஒரே நாளில் எல்லாத் தட்டிலும் விதைப்பதும் இல்லை, வாரம் விட்டு வாரம்தான்.

நாகப்பட்டினத்துச் சகோதரி:
அண்ணா, பாரில் (மண்ணை அணைத்துப் போடும் மேட்டு வரிசை) எந்த இடத்தில் நடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே? கோடையில் பாரின் பக்கவாட்டில், ஈரம் எட்டும் இடத்தில் நடுவோம். மழைக்காலத்தில் உச்சியில்தான் நட வேண்டும். நாங்கள் பாரை ஒரு அடி உயரத்துக்குப் போடுகிறோம். மிளகாய்க்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, ஒரு நாள் வேரில் நின்றால் மறுநாள் வெயிலுக்குத் தலை தொங்கிவிடும். ஈரமாகத்தானே இருக்கிறது, ஏன் வாடுகிறது என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்! மூச்சுவிட முடியாத வேர் தண்ணீரை இழுக்காது.

இலை மஞ்சளித்தால் உடனே யூரியா வீசாதீர்கள். புது வேர் விடும் வரை அதை எடுக்க ஆள் இல்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளித்தால் செடி தாக்குப்பிடிக்கும். தண்டு அடியில் அழுகல் தெரிந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி, லிட்டருக்கு 2.5 கிராம், வேரடியில் ஊற்றுவோம்.

கடலூர்க்காரர்:
உச்சியில்தான் அம்மா. அழுகல் வந்த பிறகு மருந்து ஊற்றுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நடவுக்கு முன்பே ட்ரைக்கோடெர்மாவை (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) தொழு உரத்தில் கலந்து நிழலில் வைத்துப் பாரில் போட்டுவிடுகிறேன். ட்ரைக்கோடெர்மா ஏக்கருக்கு 1 கிலோ.

சிதம்பரத்துத் தம்பி:
எங்கள் நிலத்தில் ஒரு மூலை எப்படி மேடாக்கினாலும் ஊறிக்கொண்டே இருக்கும். அங்கே கத்தரியோடு மல்லுக்கட்டுவதை விட்டுச் சேப்பங்கிழங்கு போட்டோம், நன்றாக வருகிறது. கத்தரிதான் வேண்டும் என்பவர்கள் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றை விசாரியுங்கள், வாடல் நோயைத் தாங்கும். விலை சாதா நாற்றைவிட நிறைய என்பதால் கொல்லை முழுக்க நடக் கட்டுப்படியாகாது. ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வரும், அதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுண்டைக்காய்தான் பறிப்பீர்கள்.