கோடநாட்டிலிருந்து பாறு பார்க்க மடங்கு மாற்றும் உயர்ரக ஸ்கோப்: எதை வாங்கலாம்?

கோத்தகிரிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரியில் வசிக்கிறேன். வாரம் இரண்டு முறையாவது கோடநாடு காட்சிமுனைக்குச் சென்று, கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் பாறுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை) பார்ப்பது என் வழக்கம். கையில் இருப்பது 8 மடங்கு பைனாகுலர். வெண்முதுகுப் பாறா, கருங்கழுத்துப் பாறா என்று முடிவு செய்வதற்குள் பறவை எதிர்ச்சரிவின் நிழலில் மறைந்துவிடுகிறது. நல்ல கருவியாக ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி மகன் மூன்றரை லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறான்.

ராணுவத்தில் பணியாற்றிய நண்பர் ஒருவர், துப்பாக்கியில் பொருத்தும் 5 முதல் 25 மடங்கு வரையிலான உயர்ரக ஸ்கோப்பை முக்காலியில் மாட்டினாலே போதும் என்கிறார். இன்னொரு நண்பரோ 60 மடங்குக்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம் என்கிறார். நான் மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்ட வேண்டுகிறேன்.

சீகூர்ப் பாதை

ஐயா, முதலில் துப்பாக்கி ஸ்கோப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மட்டமான கருவி அல்ல. வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட கருவி. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதால், கண்ணைக் கண்வில்லையிலிருந்து ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும்படி அதை அமைக்கிறார்கள். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதிந்திருக்கும்போது அந்தத் தூரம் தானாக அமையும். முக்காலியின் பின்னால் நிற்பவருக்குத் தலை சற்று அசைந்தாலும் காட்சி கறுத்துவிடும். அதைவிடப் பெரிய குறை, தெரியும் பரப்பு. துப்பாக்கி ஸ்கோப்புகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்க ஷ்மிட் அண்ட் பெண்டர் 5-25 கூட, 25 மடங்கில் 100 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும்; அதாவது 1,000 மீட்டரில் 15 மீட்டர். அதே 25 மடங்கில் ஸ்வரோவ்ஸ்கி ஏடிஎக்ஸ் 85, லைக்கா ஏபிஓ டெலிவிட் 82 ஆகிய ஸ்பாட்டிங் ஸ்கோப்புகள் (பறவை பார்ப்போர் முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கிகள்) 1,000 மீட்டரில் 41 மீட்டரைக் காட்டுகின்றன. வட்டமிடும் பறவையைத் தேடிப் பிடிப்பவருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாம். அத்துடன், வனச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும்போது உள்ளே துப்பாக்கி ஸ்கோப் இருந்தால், அதற்கான விளக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் காலை வெளிச்சம் போய்விடும்.

அடுத்து 60 மடங்கு. முன்வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 85 மி.மீ. வில்லையில் 25 மடங்குக்கு 3.4 மி.மீ., 60 மடங்குக்கு 1.4 மி.மீ. நம் மலையின் மேகமூட்டத்தில் அந்த 1.4 மி.மீ. மங்கலாக இருப்பதோடு, கண்ணுக்குள் மிதக்கும் நூல் போன்ற நிழல்களும் காட்சியின் குறுக்கே ஓடத் தொடங்கும். மேலும், கோடநாட்டிலிருந்து பார்ப்பது பல கிலோமீட்டர் காற்றை ஊடுருவி. காலை 10 மணிக்குமேல் பள்ளத்தாக்கு சூடேறிக் காற்று நெளிய ஆரம்பித்துவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வில்லையும் அந்த நெளிவைப் பெரிதாக்கித்தான் காட்டும். ஆகவே 25 முதல் 40 மடங்குக்குள் எது தெளிவாக, அகலமாகக் காட்டுகிறதோ அதற்குப் பணம் கொடுங்கள். நீங்கள் மேலிருந்து பார்ப்பதும் ஒரு வசதி. வெண்முதுகுப் பாறு திரும்பும்போது அதன் கீழ்முதுகின் வெள்ளைத் திட்டு 30 மடங்கிலேயே பளிச்சென்று தெரியும்.

கொடைக்கானல் சாரல்

மேலே நண்பர் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். 60 மடங்கே வீண் என்பது போன்ற தொனியை மட்டும் ஏற்க இயலவில்லை. மழை ஓய்ந்த மறுநாள் விடியலில், அசையாமல் பாறையில் நிற்கும் வரையாட்டின் கொம்பிலுள்ள வளையங்களை எண்ணுவதற்கு நான் 60 மடங்கைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆண்டில் பத்துப் பதினைந்து நாள்தான் அது வாய்க்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது பூஞ்சையைப் பற்றி. என்னுடைய முதல் ஸ்கோப்பை அதனுடன் வந்த தோல் உறையிலேயே, துணி அலமாரிக்குள், ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்துவிட்டேன். எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கண்வில்லையின் ஓரத்தில் சிலந்தி வலையைப் போல மெல்லிய இழைகள் கிளைத்திருந்தன. ஈரம் புகாதபடி உள்ளே நைட்ரஜன் நிரப்பிய கருவிதானே என்ற நம்பிக்கை எனக்கு. ஆனால் கழற்றி மாட்டும் கண்வில்லையின் வெளிப்பரப்பை அந்த நைட்ரஜன் காப்பாற்றாது. துடைத்த பிறகும் வில்லைப் பூச்சில் தழும்பு நின்றுவிட்டது. தோலும் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்பவை. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வலுவாகப் பெய்யும் என்பதால், ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தும் மின்சாரப் பெட்டி ஒன்றை ஸ்கோப்புடன் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

முக்காலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள ஸ்கோப்பை மெலிந்த கேமரா முக்காலியில் நிறுத்தினால், காட்சிமுனையில் அடிக்கும் காற்றுக்கு 40 மடங்கில் பறவை இரண்டாகத் தெரியும்.

கோத்தகிரிக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. துப்பாக்கி ஸ்கோப் யோசனையைக் கைவிட்டேன். நண்பரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மீதமுள்ள சிக்கல். இரண்டு ஐயங்கள். கண்வில்லை சாய்ந்திருக்கும் அமைப்பா, நேரான அமைப்பா? லைக்காவின் 25-50 கண்வில்லையா, மற்றவர்களின் 25-60 கண்வில்லையா?

சீகூர்ப் பாதை

பெரும்பாலோர் சாய்வமைப்பையே பரிந்துரைப்பார்கள். வானத்தையும் மரவுச்சியையும் பார்ப்பதற்கு அதுவே சரி. நீங்கள் பார்ப்பதோ கீழே. பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்வமைப்பைத் திருப்பினால், அதன்மேல் குனிந்து கழுத்து வலிக்கும். நேரமைப்பில் முக்காலியைச் சற்று உயர்த்தி, நின்றபடியே பார்க்கலாம். உங்கள் இடத்துக்கு நான் நேரமைப்பையே எடுப்பேன். உயரம் குறைந்த பேரப்பிள்ளைகள் உடன் வருவார்கள் என்றால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

25-50க்கே என் வாக்கு. 50 மடங்கிலும் அது 1,000 மீட்டரில் 28 மீட்டரைக் காட்டும். ஏடிஎக்ஸ் 85 அதன் 60 மடங்கில் காட்டுவது 23 மீட்டர். ஆனால் கோவாவின் 88 மி.மீ. புளோரைட் வில்லையையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள் (ஊரின் பெயரல்ல, ஜப்பானிய நிறுவனம்). கடையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள். காட்சி வட்டத்தின் விளிம்பு முழுவதும் தெரியவில்லை என்றால், அந்தக் கண்வில்லை உங்களுக்கானது அல்ல. பிறகு வெளியே வந்து, வெளுத்த வானத்துக்கு எதிரே நிற்கும் மின்கம்பத்தின் பீங்கான் குமிழைப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஊதாக் கோடு எழுந்தால், வில்லை நிறங்களைச் சரியாக ஒன்றுசேர்க்கவில்லை என்று பொருள்; விலைப்பட்டியலை மூடிவிடலாம்.

கோத்தகிரிக்காரன்

சனிக்கிழமை கோவைக்குச் சென்று மூன்றையும் அவ்வாறே சோதித்துப் பார்க்கிறேன். பேரப்பிள்ளை ஒன்றுதான், அதுவும் என் தோளுயரம் வந்துவிட்டது; ஆகவே நேரமைப்பு.