லோட்ஸ் கெட்டோ 1944 வரை நீடித்தது ஏன்?

மாட்டுங்கா வாசகர்:
மும்பை லோயர் பரேலின் ஃபீனிக்ஸ் மில்லைப் போலவே போலந்தின் லோட்ஸ் நகரிலும் போஸ்னான்ஸ்கியின் பஞ்சாலை இன்று வணிக வளாகமாகிவிட்டதை அறிந்ததிலிருந்து, அந்நகரின் இரண்டாம் உலகப் போர்க்கால வரலாற்றைப் படித்து வருகிறேன். போருக்கு முன் அங்கு ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். வார்சா கெட்டோ (நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி) 1943 மே மாதத்தில் அழிக்கப்பட்ட பின்னும் லோட்ஸ் கெட்டோ 1944 ஆகஸ்ட் வரை இருந்திருக்கிறது. உழைப்பே உயிரைக் காக்கும் என்று கெட்டோவின் யூதத் தலைவர் ரும்கோவ்ஸ்கி நம்பியதுதான் இதற்குக் காரணமா?

செம்பூர் வாசகர்:
உழைப்புதான் காரணம், ஆனால் அதன் பலனை அனுபவித்தவர்கள் ஜெர்மானியர்கள். 1940 ஏப்ரல் 30 அன்று அடைக்கப்பட்ட அந்தப் பகுதியில் சுமார் 1,60,000 பேர் சிக்கினர். பிரேமன் நகரக் காப்பி வணிகரான ஹான்ஸ் பீபோ அதன் ஜெர்மானிய நிர்வாகியாக இருந்து, ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் பட்டறைகளை நடத்தி லாபம் ஈட்டினார். பட்டறையில் வேலை செய்தவருக்குக்கூட வயிறு நிறையவில்லை; பல்லாயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் கெட்டோவுக்குள்ளேயே இறந்தனர். வேலைக்கு உதவாதவர் என்று கருதப்பட்டவர்களின் கதி இன்னும் கொடியது. 1942 ஜனவரி முதல் மே வரை 50,000-க்கும் மேற்பட்டோர் ஹெல்ம்னோ கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு, நச்சுவாயு வண்டிகளில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளையும் முதியோரையும் ஜெர்மானியர்கள் கேட்டபோது, குழந்தைகளை ஒப்படைக்கும்படி ரும்கோவ்ஸ்கியே பொதுவெளியில் நின்று பெற்றோரிடம் மன்றாடினார். அந்த உரையைப் படித்த பிறகு அவரை மீட்பர் என்று அழைக்க என்னால் முடியவில்லை.

முலுண்ட் வாசகர்:
செம்பூர் நண்பரின் வருத்தம் நியாயமானதே. ஆயினும் 1944 கோடையில் கெட்டோவில் ஏறத்தாழ 70,000 பேர் உயிருடன் இருந்தனர் என்பதையும், சோவியத் படை அப்போது விஸ்துலா ஆற்றங்கரை வரை வந்து நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படை அங்கே நிற்காமல் முன்னேறியிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருக்கக்கூடும். ரும்கோவ்ஸ்கியைப் பற்றிய நம் தீர்ப்பும் மாறியிருக்கும். ஆகஸ்டில் ராடெகாஸ்ட் நிலையத்திலிருந்து ரயில்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட்டன. அவரும் குடும்பத்துடன் அங்கேயே மாண்டார். 1945 ஜனவரி 19 அன்று படை நகருக்குள் நுழைந்தபோது, கெட்டோவில் எஞ்சியிருந்தவர்கள் 900 பேருக்கும் குறைவு.

மாட்டுங்கா வாசகர்:
இருவருக்கும் நன்றி. வார்சாவைப் போல இங்கே ஆயுதக் கிளர்ச்சி எழாததற்கு என்ன காரணம்?

செம்பூர் வாசகர்:
வெளியுலகத் தொடர்பு அறுந்துபோனதே முக்கியக் காரணம். லோட்ஸ் ஜெர்மனியுடன் நேரடியாக இணைக்கப்பட்டு, சுற்றிலும் ஜெர்மானியர்கள் குடியேற்றப்பட்டனர். கெட்டோ இருந்த பலூட்டி பகுதியில் ஆள் தப்பவோ பொருள் கடத்தவோ உதவும் பாதாளச் சாக்கடை கிடையாது. கெட்டோவின் தனிப் பணமோ வெளியே செல்லாது. நகர டிராம் கெட்டோவின் நடுவே ஓடியது. சாலைக்கு மேலே கட்டிய மரப்பாலத்தில் ஏறித்தான் யூதர்கள் மறுபக்கம் செல்ல முடிந்தது. அந்தப் பாலங்களைக் கெட்டோவின் புகைப்படக்காரர் ஹென்றிக் ராஸின் படங்களில் பாருங்கள். அவர் மண்ணில் புதைத்துக் காப்பாற்றிய நெகட்டிவ்கள் அவை.