ஷவர் தண்ணீர் கதவு வரைக்கும் வருகிறது, எப்படித் தடுப்பது?

மூன்றாம்மாடி:
வணக்கம். எங்கள் பாத்ரூம் 8க்கு 5 அடி. 5 அடிச் சுவரில் கதவு, அதற்கு நேர் எதிர்ச் சுவரில் ஷவர். நடுவில் வெஸ்டர்ன் டாய்லெட், கதவோரம் வாஷ்பேசின். ஷவர் பக்க மூலையில் தண்ணீர் வடிய ஒரே ஒரு நஹானி ட்ராப் (தரை வடிகால்); நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. ஒருவர் குளித்துவிட்டு வந்தால் வாஷ்பேசினுக்கு அடியில்கூட ஈரம். கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பிவிட்டது. வீட்டில் எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள், வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்பதுதான் முதல் கவலை. கண்ணாடித் தடுப்பு போடு என்கிறார்கள் சிலர், கர்ட்டன் போதும் என்கிறார்கள் சிலர். டைல்ஸை உடைக்காமல் முடிய வேண்டும், கீழ் வீட்டுக்கு ஒழுகவும் கூடாது. பிரஷர் பம்ப் இருக்கிறது. போர் தண்ணீர், உப்பு அதிகம்.

குழாய்வேலை:
சார், கதவுக்கு நேர் எதிரே ஷவர் இருப்பதுதான் பாதிப் பிரச்சினை. பக்கச் சுவரில் இருந்தால் தண்ணீர் எதிர்ச் சுவரில் மோதி அங்கேயே இறங்கிவிடும். உங்களுக்கு அது கதவைப் பார்த்துப் பாய்கிறது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஷவர் தலையைச் சரி பண்ணுங்கள்.

தலைக்குப் பின்னால் உருண்டை மூட்டு இருக்கும். அதைத் திருப்பி, ஷவரின் முகம் தரையைப் பார்க்கிற மாதிரி, முடிந்தால் சுவர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி வையுங்கள். இப்படி வைத்தால் சுவரை ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். அதற்கு இடம் பத்தாது என்றால், சுவரிலிருந்து தலையைத் தாங்கும் குட்டைக் குழாயைக் கழற்றி 15 அங்குலக் குழாய் போடலாம். மரை அரை அங்குலம்தான், டைல்ஸைத் தொட வேண்டாம். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றி இறுக்குங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போதே டேப் பிரிந்து, சுவருக்குள் கசியும். அந்தக் கசிவு வெளியே தெரியாது, கீழ் வீட்டு சீலிங்கில்தான் தெரியும்.

அடுத்து, துளைகளைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்கிறீர்கள். ஒரு துளை பாதி அடைத்தால் அந்தத் தாரை நேராக வராது, பக்கவாட்டில் பீய்ச்சும். நாலைந்து துளை அப்படி ஆனாலே டாய்லெட் வரைக்கும் நனையும். ரப்பர் துளையாக இருந்தால் தண்ணீரைத் திறந்துவிட்டு விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது உலோகத் துளை என்றால் தலையைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். குரோம் பூச்சு உரிந்துவிடும், தரையில் சிந்தினால் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் அரித்துவிடும்.

பம்ப் இருப்பதால் வேகமும் அதிகம். தொட்டியிலிருந்து இயல்பாக இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம். உங்கள் பம்ப் 2 பார் கொடுத்தால், தொட்டியை 20 மீட்டர் உயரத்தில் வைத்த மாதிரி. ஷவருக்குப் போகும் ஸ்டாப் காக் வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். குளிக்கும் சுகம் குறையாது, உடம்பில் பட்டுத் தெறிப்பது நன்றாகவே குறையும்.

சித்தாள்முதல்:
மேலே சொன்னது சரி. ஆனால் தெறிப்பது வேறு, தரையில் ஓடி வருவது வேறு. வாஷ்பேசினுக்கு அடியில் ஈரம் என்றால் அது பெரும்பாலும் ஓடி வந்த தண்ணீர். எந்தக் கர்ட்டனும் அதை நிறுத்தாது.

முதலில் தரையின் வாட்டம் (சரிவு) பாருங்கள். கதவோரம் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அது ட்ராப்பை நோக்கி நகர வேண்டும். அங்கேயே தேங்கினாலோ கதவுப் பக்கம் திரும்பினாலோ வாட்டம் இல்லை. மீட்டருக்கு 1 முதல் 1.25 செ.மீ. இறக்கம் இருந்தால் போதும். 8 அடி நீளத்துக்கு மொத்தம் சுமார் 1 அங்குலம். ரசமட்டம் வைத்தும் பார்க்கலாம்.

வாட்டம் சரியாக இருந்தால், ஷவர் சுவரிலிருந்து 3 அடி தள்ளி 5 அடி நீளத்துக்கு ஒரு கிரானைட் பட்டி ஒட்டுங்கள். சமையல் மேடை வெட்டிய மிச்சத் துண்டு கிரானைட் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். 3 அங்குல அகலம், இரண்டு துண்டு ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் 4 செ.மீ. உயரம் வரும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் ஒரே துண்டுதான் சொல்வேன். 2 செ.மீ. போதும். தரை வெளிர் நிறம் என்றால் கறுப்புக் கிரானைட் எடுங்கள், படி இருப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவச் சொல்லுங்கள். கால் இடறாது, வெளிப்பக்கம் கழுவிய தண்ணீரையும் வைப்பரால் மேலே ஏற்றி உள்ளே தள்ளிவிடலாம். ட்ராப் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உள்ளே இருக்கிறது என்பதால் இந்தச் சரிவு உங்களுக்கு அவசியம்.

கொத்தனார் "டைல்ஸைக் கொத்திப் பதித்தால்தான் நிற்கும்" என்பார். விடாதீர்கள். அந்த வெட்டு கீழே இருக்கும் வாட்டர் ப்ரூஃபிங்கைக் கிழித்தால் ஒழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். வெறும் சிமெண்ட் பாலும் வழவழப்பான டைல்ஸில் பிடிக்காது, சில மாதத்தில் பட்டி கையோடு வந்துவிடும். டைல்ஸின் பளபளப்பை மட்டும் உப்புத்தாள் வீலால் மேலோட்டமாகக் கீறி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, எபாக்சி பசையில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு சுவரையும் தொடும் முனைகளில் சிலிக்கான் போட வேண்டும். அங்கே ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் வெளியே வந்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் கிரானைட்டில் கறை ஏற்றும், 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். போட்ட பிறகு ஒரு நாள் முழுக்க அந்த இடம் நனையக் கூடாது.

வாக்கரோ வீல்சேரோ உள்ளே போக வேண்டிய வீட்டுக்குக் கல் பட்டி வேண்டாம். மிதித்தால் மடங்கி மறுபடி நிமிரும் சிலிக்கான் ரப்பர் பட்டி ஆன்லைனில் கிடைக்கிறது.

கண்ணாடிக்கடை:
நிரந்தரத் தீர்வு என்றால் கண்ணாடிதான். 8 மி.மீ. டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி, 2 மீட்டர் உயரம், 75 செ.மீ. அகலம், ஒரே நிலையான பலகை, கதவு வேண்டாம். எடை ஏறக்குறைய 30 கிலோ வரும், அதனால் சுவர்ப் பிடிகள் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீலாக இருக்கட்டும். டஃபன்ட் ஆன பிறகு கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது. எனவே பட்டி ஒட்டி முடித்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும், அதுவும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில். சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். மூலையில் டஃபன்ட் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சித்தாள்முதல்:
கண்ணாடி நல்லதுதான், ஆனால் இவர் போர் தண்ணீர் என்கிறார். குளித்த உடனே ஒவ்வொரு முறையும் ரப்பர் வைப்பரால் வழிக்காவிட்டால் சீக்கிரமே வெள்ளை பூத்துவிடும். வழிக்க ஆள் இருந்தால் போடட்டும். தவிர, டாய்லெட் பக்கத்திலேயே இருப்பதால் பெரியவரைக் கைபிடித்துக் குளிக்க வைக்கக் கண்ணாடி இடைஞ்சல். எனக்குப் பட்டியும் கர்ட்டனும்தான் இந்த வீட்டுக்குச் சரியென்று படுகிறது.

மூன்றாம்மாடி:
மிக்க நன்றி. தலையைக் கீழ்நோக்கித் திருப்பியதிலேயே பெரிய வித்தியாசம் தெரிகிறது. பட்டி போட ஆள் சொல்லிவிட்டேன். கர்ட்டன் அளவு எப்படி எடுப்பது? உறவினர் வீட்டில் போட்டிருக்கிறார்கள், குளிக்கும்போது உள்ளே வந்து காலில் ஒட்டுகிறது.

குழாய்வேலை:
கம்பி பட்டிக்கு நேர் மேலே வரக்கூடாது, ஷவர் பக்கமாக 3 அங்குலம் உள்ளே தள்ளி வர வேண்டும். அப்போதுதான் கர்ட்டனில் வழியும் தண்ணீர் பட்டிக்கு உள்ளே விழும். நிறைய வீடுகளில் கர்ட்டன் இருந்தும் வெளியே நனைவது இதனால்தான். 5 அடி இடைவெளிக்கு 180 செ.மீ. அகலக் கர்ட்டன் சரியாக இருக்கும். நீளம் 200 செ.மீ. வாங்கி, வளையத்தையும் சேர்த்துக் கம்பியை 207 செ.மீ. உயரத்தில் வைத்தால் தரைக்கு மேல் ஓரிரு செ.மீ. தொங்கும். தரையில் புரள விட்டால் அடியோரம் கறுத்துவிடும்.

ஸ்பிரிங்கில் இறுக்கும் கம்பி வாடகை வீட்டுக்கு ஆகும். 5 அடி நீளத்துக்கு ஈரமான டைல்ஸில் அது வழுக்கி இறங்கும். சொந்த வீடுதானே, 25 மி.மீ. ஸ்டீல் பைப்பை இரு பக்கமும் திருகிப் பொருத்துங்கள். டைல்ஸைத் துளைக்கும்போது டைல்ஸ் பிட் போட்டு, ட்ரில்லின் ஹேமர் (இடிக்கும்) முறை இல்லாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். டைல்ஸ் தாண்டிய பிறகுதான் ஹேமர். ஷவர் பைப் மேலே ஏறும் கோட்டில் மட்டும் துளைக்காதீர்கள். பெரியவர்கள் தடுமாறினால் முதலில் கை போவது இந்தக் கம்பிக்குத்தான், அது ஆளைத் தாங்காது. பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு கிராப் பார் திருகிவிடுங்கள்.

உள்ளே வந்து ஒட்டுவதற்குக் காரணம், பாயும் தண்ணீர் உள்ளே காற்றைச் சுழல வைத்து அழுத்தத்தைக் குறைப்பது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்து 2001ல் இக் நோபல் (சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கினார். வெந்நீர் என்றால் சூடான காற்று மேலே எழும்பி, குளிர்ந்த காற்று கீழிருந்து கர்ட்டனை உள்ளே தள்ளும், இன்னும் ஒட்டும். அடியோரத்தில் கனம் தைத்த கர்ட்டன் வாங்குங்கள், இல்லையென்றால் அடி மடிப்புக்குள் ஸ்டீல் சங்கிலி கோத்துவிடுங்கள். காந்தம் வைத்தது நம் ஊர் டைல்ஸ் தரையில் பிடிக்க இடமில்லை, இரும்பு பாத் டப்புக்குத்தான் அது.

குளித்து முடித்ததும் கர்ட்டனைச் சுருட்டி ஒதுக்காமல் விரித்தே விடுங்கள். மடிப்புக்குள் ஈரம் நின்றால்தான் பூஞ்சை பிடிக்கும். ட்ராப்பின் மேல் உள்ள ஜாலியில் (சல்லடை மூடி) முடி சேராமல் வாரம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். 2 செ.மீ. பட்டிதான் என்பதால், ஜாலி அடைத்தால் தண்ணீர் சீக்கிரமே மேலேறி வெளியே வந்துவிடும்.