ஏசி/டிசி பாடல்கள் வழியாக கிட்டார்: கார்டு சரி, ஒலி மட்டும் ஏன் கூழாகிறது?

திறந்தகம்பி:
ஓபன் கார்டுகள் (சில கம்பிகளை அழுத்தாமல் திறந்தபடி விடும் கார்டுகள்) பிடிக்க வருகிறது, மாற்றுவதும் ஓரளவு வேகமாக வருகிறது. ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் 'ஹைவே டு ஹெல்', 'பேக் இன் பிளாக்' இரண்டையும் எடுத்திருக்கிறேன். ஹம்பக்கர் வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) உள்ள கிட்டார், 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப், கெய்ன் (ஒலியை உறுமலாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழ்) 8-ல். விரல்கள் சரியான இடத்தில் இருந்தும் கார்டு கூழாகக் கேட்கிறது. ரெக்கார்டுடன் வாசித்தால் நான்கைந்து பாருக்குள் (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார்) முந்திப் போய்விடுகிறேன். இரண்டுக்கும் என்ன காரணம்? எந்தப் பாட்டில் தொடங்குவது சரி?

ஆறாம்கம்பி:
கெய்னை 3 அல்லது 4-க்குக் கொண்டுவாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இந்த இசைக்குழுவின் ஒலி கனமாக இருப்பதால் டிஸ்டார்ஷனும் அதிகம் என்று தோன்றும். உண்மையில் அவர்கள் குறைந்த டிஸ்டார்ஷனில், ஆம்பின் சத்தத்தைக் கூட்டி, முழு ஓபன் கார்டுகளை அழுத்தமாக அடிக்கிறார்கள். குழுவின் ரிதம் கிட்டார் கலைஞர் மால்கம் யங்கின் கிரெட்ச் கிட்டாரில் பிரிட்ஜ் (கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பாலம்) அருகிலுள்ள பிக்கப் ஒன்றுதான் இருந்தது, மற்றவற்றைக் கழற்றிவிட்டிருந்தார். கம்பிகள் 12-ல் (மெல்லிய கம்பியே 0.012 அங்குலம்) தொடங்கும் தடித்த செட். கனம் அந்தக் கையிலிருந்தும் கம்பியிலிருந்தும் வருகிறது.

கெய்ன் கூடினால் கார்டு ஏன் கெடுகிறது என்றால், டிஸ்டார்ஷன் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களையும் புதிதாக உண்டாக்கும். ஆதார ஸ்வரமும் பஞ்சமமும் 2:3 விகிதம். ஃப்ரெட்டில் கிடைக்கும் பஞ்சமம் அதிலிருந்து சுமார் 2 சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மட்டுமே விலகும், அதனால் புதிதாக வருபவையும் பொருந்திப் போகின்றன. மேஜர் கார்டில் காந்தாரமும் இருக்கிறது. அது 4:5 விகிதத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். கெய்ன் ஏற ஏற அந்த விலகல்தான் கரகரப்பாக, கூழாகக் கேட்கிறது.

பிரிட்ஜ் பிக்கப், பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 6 என்று வைத்துத் தொடங்குங்கள். சரிபார்க்க எளிய வழி: மெதுவாகத் தட்டினால் கிட்டத்தட்ட கிளீனாகவும், ஓங்கி அடித்தால் மட்டும் உறுமலாகவும் வரவேண்டும். மெதுவாகத் தட்டும்போதே உறுமினால் கெய்ன் இன்னும் அதிகம்.

இடைவெளி:
முந்துவதற்குக் காரணம் வேகம் அல்ல, மௌனம். 'ஹைவே டு ஹெல்' ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில்) அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் இசைதான். கை நின்றதும் எண்ணிக்கையும் நின்றுவிடுகிறது, அடுத்த அடி சீக்கிரம் விழுந்துவிடுகிறது. அடிகளில் பல பீட்டின் மேல் விழாமல் நடுவே விழுவதால் தவறு இன்னும் சுலபம். தொடக்கத்தில் கிட்டார் தனியாக வருவதால் எது முதல் பீட் என்றே குழப்பம் வரும். டிரம்ஸ் சேரும் இடத்திலிருந்து காலால் தட்டிப் பழகுங்கள், பிறகு ஆரம்பத்துக்குத் திரும்புங்கள்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து "ஒண்ணு-ம் ரெண்டு-ம் மூணு-ம் நாலு-ம்" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எட்டு முறை தொடர்ச்சியாகப் பிசகாமல் வந்தால் 4 கூட்டுங்கள். பாட்டின் வேகம் 116-ஐ ஒட்டி இருக்கும். அங்கே வந்ததும் மெட்ரோனோமை 58 ஆக்கி, அந்தத் தட்டுகளை 2, 4-ஆம் பீட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பீட்டுகளை நீங்களே சுமக்க வேண்டியிருப்பதால் முந்தினால் உடனே தெரிந்துவிடும்.

'பேக் இன் பிளாக்' வேகம் குறைவு, 94-ஐ ஒட்டி. ஆனால் கடினம். ஈ ஒரு முறை, டி மூன்று முறை, ஏ மூன்று முறை, பிறகு உள்ள இடைவெளியில் முதல் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டிலிருந்து இறங்கும் அந்தச் சின்னத் துணுக்கு. கார்டு பகுதி மட்டும் இரண்டு வாரம் நிலைக்கட்டும், துணுக்கை அப்புறம் சேருங்கள்.

மரக்கழுத்து:
வரிசையைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. இந்த இரண்டுக்கும் முன்னால் 'டிஎன்டி' எடுக்கலாம். ஈ, ஜி, ஏ என மூன்று பவர் கார்டில் (ஆதார ஸ்வரமும் பஞ்சமமும் மட்டும் உள்ள கார்டு) பெரும்பகுதி முடிந்துவிடும், கை முழுக்கத் தாளத்தில் இருக்கும். அடுத்து 'யூ ஷுக் மீ ஆல் நைட் லாங்': ஜி, சி, டி. அதற்குப் பிறகு 'ஹைவே டு ஹெல்'. 'தண்டர்ஸ்ட்ரக்' தொடக்கத்தை இப்போது தொடவே வேண்டாம். இரண்டாம் கம்பியில் 4, திறந்த கம்பி, 7, திறந்த கம்பி, பிறகு 5, 8 என்று பார்க்க எளிது, ஆனால் நொடிக்குச் சுமார் 9 ஸ்வரம்.

'இட்ஸ் எ லாங் வே டு த டாப்' எடுத்தால் கவனம். பேக்பைப் இருப்பதால் பாட்டு பி ஃப்ளாட்டில் இருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) போட்டு ஏ வடிவத்தில் வாசித்தால் ரெக்கார்டுடன் சேரும்.

இன்னொன்று: ஹெட்போனில் இடப்பக்கம் பெரும்பாலும் மால்கம், வலப்பக்கம் அவர் தம்பியும் லீட் கிட்டார் கலைஞருமான ஆங்கஸ். ஒரு பக்கத்தை மூடிக் கேளுங்கள், முதலில் மால்கம் பகுதியைப் படியுங்கள். சோலோ காத்திருக்கும்.

திறந்தகம்பி:
கெய்ன் 3-ல் வைத்தேன், நிறையத் தெளிந்தது. ஆனால் 'ஹைவே டு ஹெல்'-இல் டி/எஃப் ஷார்ப்பிலிருந்து (எஃப் ஷார்ப்பை அடிஸ்வரமாகக் கொண்ட டி கார்டு) ஜி போகும்போது வேண்டாத கம்பிகள் ஒலிக்கின்றன. நிறுத்தவேண்டிய இடத்திலும் ஒலி நிற்கவில்லை.

ஆறாம்கம்பி:
டி/எஃப் ஷார்ப்புக்கு நடுவிரல் ஆறாம் கம்பி 2-ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி மூன்றாம் கம்பி 2-ஆம் ஃப்ரெட், மோதிர விரல் இரண்டாம் கம்பி 3-ஆம் ஃப்ரெட். நான்காம் கம்பி திறந்தபடி. ஜி-க்கு மோதிர விரல் நகரவே கூடாது. நடுவிரல் ஆறாம் கம்பியில் 3-க்குத் தள்ளும், ஆள்காட்டி எழும்பும், அவ்வளவுதான். நடுவிரலின் சதை ஐந்தாம் கம்பியைத் தொட்டு அடக்கவேண்டும். விரலை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் அது ஒலித்துவிடும். மோதிர விரலைச் சற்றுச் சாய்த்தால் முதல் கம்பி அடங்கும். இப்படிப் பிடித்த ஜி-யில் காந்தாரமே இல்லை, அதனால்தான் ஓங்கி அடித்தாலும் தெளிவாக நிற்கிறது.

ஏ கார்டுக்கு ஆள்காட்டி விரலை நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளின் மேல் 2-ஆம் ஃப்ரெட்டில் படுக்க வையுங்கள். அதன் அடிப்பகுதி முதல் கம்பியைத் தொடட்டும், ஆறாம் கம்பியைக் கட்டைவிரல் மேலிருந்து தொடட்டும்.

நிறுத்தும்போது இடக்கை விரல்களைத் தளர்த்துவது மட்டும் போதாது. ஏ-யில் ஐந்தாம் கம்பி, டி-யில் நான்காம் கம்பி எல்லாம் திறந்த கம்பிகள். இடக்கை விட்டாலும் அவை ஒலித்துக்கொண்டே இருக்கும். வலக்கை உள்ளங்கை விளிம்பை அதே நொடியில் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள் மேல் இறக்குங்கள். ஒரு ஏ அடித்து, அடுத்த பீட்டில் இரண்டு கையாலும் அடக்கி, 60 வேகத்தில் இதை மட்டும் தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள்.